கும்பினிக் கப்பலில் அறுபது பேர்: 'ஓப்ரா டின்' விளையாடிவிட்டு எழுதுவது

மூன்று பேர் யார், எப்படிச் செத்தார்கள் என்று சரியாக எழுதிவிட்டால் போதும், கேம் சட்டென்று நின்றுவிடும், ஒரு இசை எழும், அதுவரை கையெழுத்தில் இருந்த வரிகள் ஒவ்வொன்றாக அச்செழுத்தாக மாறும். அந்தச் சத்தத்துக்காக ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்திருக்கிறேன். மறுநாள் ஆபீஸ் மீட்டிங்கில் நோட்டுப் புத்தகத்தில் கப்பல் படம் போட்டுக்கொண்டிருந்தேன், பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' என்ற இந்தத் துப்பறியும் கேம் வந்தது 2018 அக்டோபரில். இத்தனை வருஷம் கழித்து இப்போது எதற்கு இது என்றால், போன மாதம் என் தங்கை இதை நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கருவியில் ஆரம்பித்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். இதை முடித்தவர்கள் எல்லோரும் சொல்லும் ஒரே புலம்பல், மூளையிலிருந்து இதை மட்டும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து விளையாட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதுதான். அது முடியாது. அதனால் அடுத்தவர் விளையாடுவதைப் பார்த்து ஆசையைத் தீர்த்துக்கொள்கிறோம்.

கதை இவ்வளவுதான். 1802-ல் லண்டனிலிருந்து கிழக்கு நோக்கிக் கிளம்பிய 'ஓப்ரா டின்' என்ற ஒரு வணிகக் கப்பல், ஆறு மாதத்தில் நன்னம்பிக்கை முனைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், போகவில்லை. கடலில் தொலைந்தது என்று எழுதி மூடிவிடுகிறார்கள். 1807 அக்டோபர் 14 காலையில் அது தானாகவே இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்கு மிதந்து வந்து சேர்கிறது. பாய் கிழிந்திருக்கிறது, ஆள் ஒருவரும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகம் இன்சூரன்ஸ் கணக்குப் பார்க்க ஒரு ஆய்வாளரை அனுப்புகிறது. அந்த ஆய்வாளர் நாம்தான். நம் தாத்தா காலத்துப் பேச்சில் சொன்னால் கும்பினி ஆள்.

கையில் இரண்டு பொருள். ஒன்று, மண்டையோடு பொறித்த ஒரு பாக்கெட் கடிகாரம். ஒரு பிணத்தின் அருகே போய் அதைத் திறந்தால் அந்த ஆள் செத்த கணத்துக்குப் போய்விடுவோம். முதலில் திரை இருட்டு, பேச்சும் சத்தமும் மட்டும். கதவை இடிக்கிறார்கள், யாரோ கத்துகிறார்கள், துப்பாக்கி வெடிக்கிறது. பிறகு திரை திறந்தால் எல்லாம் உறைந்து நிற்கிறது. வெடித்த துப்பாக்கியின் புகை, தெறித்த மரச்சில்லு எல்லாம் அந்தரத்தில் அப்படியே தொங்க, நடுவில் நாம் நடந்து போய்ச் சுற்றிப் பார்க்கலாம். எதையும் தொட முடியாது, யாரோடும் பேச முடியாது. இரண்டாவது பொருள் ஒரு புத்தகம். அதில் கப்பலின் வரைபடம், அறுபது பேர் பட்டியல், அந்த அறுபது பேரும் இருக்கும் ஓவியங்கள். எந்த முகத்துக்கு எந்தப் பெயர், அவருக்கு என்ன ஆனது, யாரால் ஆனது என்று நிரப்ப வேண்டும். அவ்வளவுதான் மொத்த கேமும். சண்டை கிடையாது, ஓடி ஒளிவது கிடையாது, நாம் சாகவும் மாட்டோம்.

இது போரடிக்கும் என்று நினைத்தால் உங்கள் மேல் தப்பில்லை, நானும் நினைத்தேன். முதல் முக்கால் மணி நேரம் என்ன செய்ய வேண்டும் என்றே பிடிபடாமல் கடிகாரம் இழுத்த இழுப்புக்குப் போய்க்கொண்டிருப்போம். ஒரு பிணத்தின் கடைசிக் கணத்துக்குள் போனால் அங்கே இன்னொரு பிணம், அதன் கணத்துக்குள் போனால் அதற்கும் முன்னால் செத்த ஒருவர். கதை வாலிலிருந்து தலைக்கு வருகிறது. கேப்டன் யார் என்பது மட்டும் சுலபம், எல்லோரும் 'கேப்டன்' என்று கூப்பிடுகிறார்கள். மற்றவர்களை யார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? நீங்களே உங்கள் ஆபீஸில் நாள் முழுக்க உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள், எத்தனை பேர் எத்தனை தடவை முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று.

இங்கேதான் இந்த கேம் தன் சுயரூபத்தைக் காட்டுகிறது. பெரும்பாலான புதிர் கேம்களில் சாவியைத் தேடு, பூட்டைத் திற, கல்லை நகர்த்து, கதவு திறக்கும். விடை எங்கே இருக்கிறது என்று மினுக்கிக் காட்டுவார்கள், கொஞ்சம் தடுமாறினால் கூட வரும் பாத்திரமே வாய்விட்டுச் சொல்லிவிடும். ஓப்ரா டின் ஒன்றும் சொல்லாது. தூளிப் படுக்கையில் எழுதிய எண், ஒருவன் போட்டிருக்கும் உடுப்பு, உச்சரிப்பு, யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், சண்டை நடக்கும்போது யார் யாரைக் காப்பாற்ற ஓடுகிறார்கள், எல்லாமே தடயம்தான். ஆனால் எதன் மேலும் 'இது தடயம்' என்று எழுதி ஒட்டியிருக்காது. என் தங்கை இரண்டாவது நாளே ஒன்றைப் பிடித்தாள். "அண்ணா, இந்த ஆளு எப்பவும் அந்த ஆபீசர் பக்கத்துலயேதான் நிக்கிறான், பாத்தியா?" என்றாள். நான் அதைக் கண்டுபிடிக்க நான்கு நாள் ஆனது. தலையணையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு "ம்" என்று மட்டும் சொன்னேன்.

மூன்று மூன்றாக உறுதி செய்வது என்ற விதிதான் இதில் மிகப் பெரிய மூளை. ஒவ்வொன்றாகச் சரி பார்த்தால் குருட்டாம்போக்கில் அறுபது பெயரையும் போட்டுப் பார்த்து ஓட்டிவிடலாம். எல்லாவற்றையும் கடைசியில்தான் சொல்வேன் என்றால் பாதியில் மனசு விட்டுப் போகும். மூன்று என்பது சரியான அளவு. ஆனாலும் ஓட்டை இருக்கிறது, சொல்லாமல் விட்டால் பொய்யாகும்: இரண்டு பேர் நிச்சயமாகத் தெரியும் என்றால் மூன்றாவது இடத்தில் பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். பாய்மரம் ஏறும் மாலுமிகளில் சிலரை இப்படித்தான் முடித்தேன் என்று ஒப்புக்கொள்பவர்கள் நிறையப் பேர், அவர்களில் நானும் ஒருவன். பிறகு அவர்களுக்கும் ஒரு அழகான தடயம் இருந்தது தெரிந்தபோது பரீட்சையில் பிட் அடித்துப் பாஸானவன் மாதிரி இருந்தது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சிக்கிக்கொண்டால் மூடிவிட்டுப் போய்த் தூங்குங்கள், காலையில் பல் தேய்க்கும்போது வந்துவிடும்.

நமக்கென்று ஒரு தனிக் கஷ்டம் உண்டு. அயர்லாந்துக்காரன், வேல்ஸ்காரன், ஸ்காட்லாந்துக்காரன் பேச்சைக் காதால் பிரித்தால் பாதி வேலை முடிந்தது. எனக்கு மூன்றும் ஒன்றுதான். நெல்லைக்காரர் ஒருவர் "ஏலே" என்றும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் "ஏனுங்க" என்றும் வாயைத் திறந்திருந்தால் அரை நொடியில் சொல்லியிருப்பேன். சப்டைட்டில் உதவுகிறது, ஆனால் அது வார்த்தையைத்தான் காட்டும், ராகத்தைக் காட்டாது. ஹெட்போன் போட்டு ஒரே வசனத்தைப் பத்துத் தடவை கேட்கத் தயாராக இருங்கள்.

படம் பற்றிச் சொல்லியாக வேண்டும். கறுப்பும் வெள்ளையும் மட்டும். சாம்பல் நிறம்கூடக் கிடையாது, புள்ளிகளை நெருக்கியும் விலக்கியும் வைத்து நிழல் காட்டுகிறார்கள், எண்பதுகளின் பழைய மேக்கின்டாஷ் கணினித் திரை மாதிரி. அமைப்புகளுக்குள் போனால் வேறு சில பழைய மானிட்டர்களின் நிறத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம், பச்சையோ மஞ்சளோ. இதைச் செய்தவர் லூகாஸ் போப் என்ற ஒரே ஆள். எல்லைச் சாவடி அதிகாரியாக பாஸ்போர்ட் முத்திரை குத்தும் 'பேப்பர்ஸ் ப்ளீஸ்' செய்த அதே ஆள். கதை, படம், நிரல், இசை எல்லாம் அவரே. நகரும்போது அந்தப் புள்ளிகள் கொசுக்கூட்டம் மாதிரி மொய்க்காமல் இருக்க மட்டும் அவர் நெடுநாள் மெனக்கெட்டிருக்கிறார். அப்படியும் கண் வலிக்கிறது, தலை சுற்றுகிறது என்பவர்கள் இருக்கிறார்கள், என் நண்பன் ஒருவன் அரை மணி நேரத்தில் எழுந்து போய்விட்டான். அதனால் வாங்குவதற்கு முன் ஒரு வீடியோவில் ஐந்து நிமிஷம் பார்த்துவிடுங்கள், அதற்கு மேல் பார்த்தால் விஷயம் போச்சு. 2019-ல் பாஃப்டா என்ற பிரிட்டிஷ் விருதுகளில் கலைக்கும் விளையாட்டு வடிவமைப்புக்கும் சேர்த்து இரண்டு வாங்கியது. எனக்கு அந்த விருதைவிட, ஆள் வெட்டுப்பட்டுக் கிடக்கும் காட்சிகூட வெறும் கோட்டோவியமாக, பார்க்கச் சகிக்கும்படி இருப்பதுதான் பெரிதாகப் பட்டது. இதையே இன்றைய பளபள கிராபிக்ஸில் செய்திருந்தால் இரண்டாவது பிணத்திலேயே அணைத்திருப்பேன்.

குறை என்று பார்த்தால் நடை. ஒரு காட்சியை மறுபடி பார்க்க வேண்டும் என்றால் புத்தகத்திலிருந்து நேராகப் போக முடியாது, அந்தப் பிணம் கிடக்கும் இடத்துக்குக் கப்பலில் நடந்து போக வேண்டும், மேல்தளத்திலிருந்து அடித்தளம், அங்கிருந்து மறுபடி மேல்தளம். நடந்தால்தான் கப்பல் மனசில் பதியும் என்று இதற்கு வக்காலத்து வாங்குபவர்கள் உண்டு. முதல் நாள் சரி. நாற்பதாவது தடவை அதே ஏணியில் இறங்கும்போது அந்த வாதம் எடுபடவில்லை.

கதையைப் பற்றித்தான் விளையாடியவர்களிடையே சண்டை. இங்கே கொஞ்சம் உடைக்கிறேன், வேண்டாம் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். ஒரு கொலை, ஒரு கலகம் என்று போய்க்கொண்டிருக்கும்போது கடலுக்குள்ளிருந்து மனிதனல்லாத சில வருகின்றன. கெட்டிக்காரத்தனமான துப்பறியும் கதைக்கு நடுவே இது எதற்கு, மனிதர்கள் ஒருவரையொருவர் கொன்றதே போதாதா என்பது ஒரு கட்சி. நானும் முதலில் அந்தக் கட்சிதான். தங்கை விளையாடும்போது பார்த்ததில் மாறிவிட்டேன். பயம் வந்தால் யார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதுதான் இந்தக் கேமில் அடையாளமே. ஒருவன் தன் கூட்டாளியை இழுத்துக்கொண்டு ஓடுகிறான், ஒருவன் தனியாகப் படகைத் தேடுகிறான். அப்படி ஒரு பயம் வர ஏதாவது வந்துதானே ஆக வேண்டும். இருந்தாலும் எல்லாம் ஏன் ஆரம்பித்தது என்பதற்குக் கிடைக்கும் காரணம் எனக்கு இன்றும் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கிறது.

பட்டியலில் 'இந்தியா' என்று போட்ட மாலுமிகளும் இருக்கிறார்கள். சாலமன் சையது, ரென்ஃப்ரெட் ராஜுப், இப்படிப் பெயர்கள். முன்பாதி இங்கிலாந்து, பின்பாதி நம்ம பக்கம். லஸ்கர் என்று பெயர் வைத்து கம்பெனிக் கப்பல்களில் நம் ஆட்களை ஏற்றிப் போனது சரித்திரம்தான், அதனால் அவர்கள் அங்கே இருப்பதில் ஆச்சரியமில்லை. இந்தக் கப்பல் காணாமல் போயிருந்த அதே காலத்தில், 1806 ஜூலையில், வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கம்பெனிக்கு எதிராக எழுந்தார்கள். கேமில் அதற்கெல்லாம் இடமில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் கும்பினி முத்திரை போட்ட புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கும்பினிக்காகவே கணக்கு எழுதும்போது நமக்கு உள்ளே ஒன்று உறுத்தும், லண்டனில் உட்கார்ந்து விளையாடுபவருக்கு உறுத்துமா தெரியாது.

அந்த உறுத்தலைக் கேமும் தெரிந்தேதான் வைத்திருக்கிறது. நாம் எழுதி முடித்த பிறகு கம்பெனி ஒரு மதிப்பீடு தயார் செய்கிறது. இன்னார் கடமையில் செத்தார், வாரிசுக்கு இவ்வளவு. இன்னார் கலகம் செய்தார், வாரிசிடம் இவ்வளவு அபராதம். ஒருவன் கடைசி நொடியில் என்ன சொன்னான், எதற்காகக் குதித்தான் என்று பத்து மணி நேரம் குனிந்து குனிந்து பார்த்திருப்போம். அது அந்தத் தாளில் பவுண்டு கணக்காக ஒரே வரியில் போய்விடுகிறது. நான் ஒருவனை யார் கொன்றது என்று தப்பாக எழுதியிருந்தால் அபராதம் யார் வீட்டுக்குப் போயிருக்கும் என்று அன்று ராத்திரி யோசித்தேன், கேம்தான், இருந்தாலும்.

சரி, வாங்கலாமா? வெளியானபோது 20 டாலர். ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் தள்ளுபடி வரும், அப்போது வாங்கினால் போதும். கணினி, ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் எல்லாவற்றிலும் இருக்கிறது, பழைய லேப்டாப்பிலும் ஓடும். பத்து மணி நேரம் வரை பிடிக்கும், ஒரு தடவைதான் விளையாட முடியும், அந்தக் கணக்கில் விலை அதிகம் என்று நினைப்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். வேலை முடிந்து வந்து மூளைக்கு ஓய்வு வேண்டும் என்பவர்கள் பக்கத்தில் போகவே வேண்டாம். இரண்டு நாள் விட்டுவிட்டு மறுபடி வந்தால் யார் யாரென்று மறந்துபோகும், அதனால் ஒரு வாரம் காலியாக இருக்கும்போது ஆரம்பியுங்கள். கூட ஒருவர் உட்கார்ந்தால் இன்னும் நல்லது, ஆனால் அவர் ஏற்கெனவே முடித்தவராக இருந்தால் வாயைக் கட்டிப் போடுங்கள்.

தங்கை இப்போது அறுபதில் 42 பேரை முடித்து நிற்கிறாள். நேற்று போன் செய்தேன், எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெசேஜ் வந்தது: "நீ ஏதாவது சொல்லிடுவ. முடிச்சுட்டு நானே கூப்பிடுறேன்."