ஓட்டோகேட் ‘லைஃப்டைம் லைசன்ஸ்’ என்று வந்தால் காசைக் கொடுக்காதீர்கள்

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வீட்டுப் பிளான் கீறிக் கொடுக்கும் சின்ன அலுவலகக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒருதரம் காசு கட்டினால் கணினியில் பிளான் கீறும் ஓட்டோகேட் மென்பொருளை ஆயுளுக்கும் பாவிக்கலாம் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறார். எங்களிடமும் வந்தார். காசும் போய்விட்டது, லைசன்ஸும் போய்விட்டது.

எங்களுடையது கிளிநொச்சியில் சின்ன ஒப்பந்த வேலை அலுவலகம். நாள் முழுக்கப் படம் கீறுகிறவர் யாரும் இல்லை, எல்லோரும் சைட்டில்தான். பிரதேச சபைக்குப் பிளான் கொடுக்க இருந்தாலோ, கொடுத்ததில் திருத்தம் கேட்டாலோ மூன்று பேரில் ஒருவர் கணினியில் உட்காருவோம். அதற்காக மூன்று பேருக்கும் வருடச் சந்தா கட்டுவதென்றால், டொலர் விற்கிற விலையில் கட்டுப்படியாகாது. இது அந்த ஆளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. “அண்ணை, உங்களை மாதிரி இடைக்கிடை பாவிக்கிற ஆக்களுக்குத்தான் இந்தப் பக்கேஜ்” என்றுதான் கதையையே தொடங்கினார்.

மூன்று மடிக்கணினியிலும் தானே போட்டுத் தந்தார். வேலை செய்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் உள்நுழையத் தந்த மின்னஞ்சல் எங்கள் ஒருவருடையதும் இல்லை. ஏதோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரில் முடிந்தது. கேட்டதற்கு “அது சேர்வர் ஐடி” என்றார். கடவுச்சொல்லில் கை வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மாங்குளத்தில் ஒரு வீட்டின் பிளானில் மலக்குழி கிணற்றுக்குக் கிட்ட இருக்கிறது, தள்ளிப் போடுங்கள் என்று சபையில் சொல்லியிருந்தார்கள். ஒரு கோட்டை நகர்த்துகிற வேலை. வீட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்திருக்க, திரையில் இந்தக் கணக்குக்கு அனுமதி இல்லை என்று வருகிறது. மற்ற இரண்டு கணினியிலும் அதே கதை. அந்த ஆளை அழைத்தால், முதலாளி கொழும்பில் என்றார். அப்புறம், நீங்கள் அப்டேட் செய்ததால்தான் பிழைத்தது, திரும்பப் போட இன்னொரு தொகை வேண்டும் என்றார். பேச்சு முற்றியதும் வட்ஸ்அப்பில் எங்களைத் தடுத்துவிட்டார். அவர் தந்த பற்றுச்சீட்டில் ‘மென்பொருள் சேவை’ என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

நடந்தது இதுதான். ஓட்டோகேட்டைத் தயாரிக்கிற ஓட்டோடெஸ்க் நிறுவனம் அதற்குப் புதிதாக நிரந்தர லைசன்ஸ் விற்பதை 2016இலேயே நிறுத்திவிட்டது. இப்போது எல்லாம் சந்தாதான். ஆகவே ‘லைஃப்டைம்’ என்று யார் சொன்னாலும் அங்கேயே கதை முடிந்தது. எங்களுக்குப் போட்டுத் தந்தது மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இலவசமாகக் கொடுக்கும் கல்வி அனுமதி. அது வருடத்துக்கு வருடம் புதுப்பிக்க வேண்டியது. காசுக்குப் பிளான் கீறும் வேலைக்கு அதைப் பாவிக்கவே கூடாது. இலவசப் பொருளுக்குத்தான் நாங்கள் காசு எண்ணிக் கொடுத்திருக்கிறோம்!

சரி, இடைக்கிடை கீறுகிறவர்கள் என்னதான் செய்வது? நேர்மையான வழிகள் இருக்கின்றன, விற்க வந்தவர் அதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. ஓட்டோடெஸ்க்கிலேயே ‘ஃபிளெக்ஸ்’ என்று டோக்கன் முறை உண்டு. திறக்கிற நாளுக்கு மட்டும் டோக்கன் கழியும். நான் பார்த்தபோது ஓட்டோகேட்டுக்கு ஒரு நாளைக்கு, ஓர் ஆளுக்கு 7 டோக்கன். 100 டோக்கன் வாங்கினால் 14 நாள் வேலை. ஆனால் டோக்கனுக்கு ஆயுள் ஒரு வருடம்தான், மிஞ்சினால் போச்சு. மாதத்தில் பாதி நாட்களுக்கு ஓட்டோகேட்டைத் திறக்கிற அலுவலகத்துக்கு இது சரிவராது.

சாதாரண சந்தா என்றால் அது ஆளின் பெயரில் வருவது, ஒரு லொகினை மூன்று பேர் மாறி மாறிப் பாவிக்க முடியாது. கீறுகிற ஒருவருக்கு மட்டும் ஓட்டோகேட்டின் சுருக்கப் பதிப்பான ஓட்டோகேட் எல்டி எடுத்து, மற்றவர்கள் பார்க்கவும் அச்செடுக்கவும் இலவசமான ‘டிடபிள்யூஜி ட்ரூவியூ’ வைத்துக்கொள்ளலாம். 2டி பிளானுக்கு எல்டி தாராளம். லிப்ரேகேட் என்று வேறொரு பிளான் கீறும் மென்பொருள் முழுக்க இலவசம், தொழிலுக்கும் பாவிக்கலாம், ஆனால் டிஎக்ஸ்எஃப் என்ற வேறு வகைக் கோப்பாக வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். வெளியிலிருந்து ஓட்டோகேட்டின் வழமையான டிடபிள்யூஜி கோப்பு வரும்போதெல்லாம் அலுப்புத்தான்.

ஓட்டோகேட் மாதிரியே வேறு நிறுவனங்கள் விற்கும் இசட்டபிள்யூகேட், பிரிக்ஸ்கேட் போன்றவற்றில் இன்னும் நிரந்தர லைசன்ஸ் கிடைக்கிறது, டிடபிள்யூஜியும் நேரே திறக்கும். நாங்கள் அப்படி ஒன்று வாங்கி அலுவலக மேசைக் கணினியில் போட்டுவிட்டோம். வேலை உள்ளவர் அதில் வந்து உட்காருகிறார். எனக்குப் பிடித்த வழி இதுதான், கட்டளைகளும் கிட்டத்தட்ட ஒன்றே.

அந்த ஆளிடம் வாங்கி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், ஓட்டோகேட்டின் மேல் மூலையில் பெயர் காட்டும் இடத்தை அழுத்தி ‘மேனேஜ் லைசன்ஸ்’ திறந்து பாருங்கள். மின்னஞ்சல் உங்களுடையது இல்லையென்றால் புரிந்துகொள்ளலாம். கணினியில் சேமித்த படங்களுக்கு ஒன்றும் ஆகாது, ஓன்லைனில் அந்தக் கணக்குக்குள் வைத்திருப்பவற்றை மட்டும் இப்போதே இறக்கி வையுங்கள். யாராவது அவரிடமிருந்து காசைத் திரும்ப எடுத்திருந்தால், எப்படி எடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.