கல்யாணமா, சிவில் யூனியனா, வெறும் பத்திரமா?

கும்பகோணத்தில் இணையராக வாழும் இரண்டு பெண்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் சம்பாதித்துப் பாபநாசம் பக்கம் ஒரு ஏக்கர் நஞ்சை வாங்கியிருக்கிறார். பெற்றோர் இல்லை. உயில் எழுதாமல் அவர் இறந்தால் நிலம் உடன்பிறந்தவர்களுக்குப் போகும். கூடவே வாழ்ந்தவருக்கு வாரிசுச் சான்றில் இடமில்லை. தன்பாலின இணையருக்கான வெளிநாட்டு ஏற்பாடுகளை இந்த ஒரு ஏக்கரை வைத்தே அளந்து பார்க்கலாம்.

சிவில் யூனியன், அதாவது கல்யாணம் என்ற பெயரில்லாமல் இணையரைச் சட்டப்படி பதியும் ஏற்பாடு, எல்லா ஊரிலும் ஒன்றல்ல. 1989-இல் டென்மார்க் உலகிலேயே முதலாவதாகக் கொண்டுவந்த பதிவுத் துணைமை, தத்தெடுப்பு போன்ற சிலவற்றைத் தவிர்த்தால் ஏறக்குறைய கல்யாணம்தான். பிரிட்டனின் 2004 சட்டமும் அப்படியே. உயில் இல்லாவிட்டாலும் துணைக்குச் சொத்துரிமை உண்டு. பிரான்சின் 1999 'பாக்ஸ்' என்ற இணையர் ஒப்பந்தம் வேறு ரகம். ஆண்-பெண் ஜோடிகளும் பதியலாம், வருமான வரியைச் சேர்ந்தே கட்டலாம், ஒருவர் மட்டும் நோட்டீஸ் கொடுத்தே முறித்துக்கொள்ளலாம். ஆனால் உயில் எழுதாமல் போனால் துணை வாரிசில்லை. அதாவது பாபநாசம் நிலம் அங்கேயும் அண்ணன் தம்பிக்குத்தான்! ஜப்பானில் டோக்கியோவின் ஷிபுயா பகுதி நிர்வாகம் 2015-இல் தொடங்கிய இணையர் சான்றிதழுக்கு அந்தச் சட்டபலம்கூடக் கிடையாது.

நெதர்லாந்து 2001-லும், தைவான் 2019-லும், தாய்லாந்து 2025-லும் கல்யாணத்தையே தன்பாலின இணையருக்கும் திறந்துவிட்டன. அங்கே இந்தக் கேள்வியே எழாது.

இங்கே? 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் கல்யாணம் அடிப்படை உரிமையல்ல என்றார்கள். சிவில் யூனியன் உரிமையும் 3-2 என்ற கணக்கில் தோற்றது. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இணையர் தங்களுக்குள் 'குடும்பப் பிணைப்புப் பத்திரம்' எழுதிப் பதியும் யோசனையைப் பரிசீலிக்கச் சொன்னார். துன்புறுத்தலிலிருந்து ஒரு காப்பு, அந்த அளவில் நல்லது. ஆனால் ஒப்பந்தம் கையெழுத்துப் போட்ட இருவரைத்தான் கட்டும். தாசில்தாரையும் ஆஸ்பத்திரியையும் குடும்ப ஓய்வூதியம் தரும் அலுவலகத்தையும் கட்டுவதற்குச் சட்டம் வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இது புதுசில்லை. புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் பல பத்தாண்டுகள் ஊரறிய நடந்தன. ஆனாலும் 1950-களில் நீதிமன்றம் அவற்றைச் செல்லாது என்றது. 1967-இல் அண்ணா ஆட்சி கொண்டுவந்த சட்டத் திருத்தம்தான் முன்பு நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. ஆகவே என் ஓட்டு கல்யாணத்துக்கு. அது இப்போதைக்கு நடக்காது என்றால் டென்மார்க், பிரிட்டன் பாணி. பிரெஞ்சு பாணியை இங்கே கொண்டுவந்தால் லாபம் கொஞ்சம்தான்.

சரி, அதுவரை? உயில் எழுதுங்கள். பதிவு கட்டாயமில்லை, இருந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். இரண்டு சாட்சிகளில் ஒருவர் டாக்டராக இருந்தால், சுயநினைவோடு எழுதவில்லை என்று பின்னால் யாரும் வழக்குப் போடுவது கஷ்டம். உயிரோடிருக்கும்போதே செட்டில்மெண்ட் எழுதலாம்தான், ஆனால் குடும்பத்தாருக்கான முத்திரைத் தீர்வைச் சலுகை உங்களுக்குக் கிடைக்காது. அப்புறம் வங்கி: தன்பாலின இணையர் கூட்டுக் கணக்குத் தொடங்கவும் ஒருவரையொருவர் நாமினியாகப் போடவும் தடையில்லை என்று மத்திய நிதியமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. ஆனால் நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளத்தான் முடியும், உரிமை வாரிசுகளுக்கே. அந்தக் கணக்கையும் உயிலில் சேர்த்து எழுதிவிடுங்கள்.