அடிபட்ட மயிலும் எட்டாத மருத்துவரும்: நான்கு வழிகள், ஓர் ஒப்பீட்டு அலசல்

விராலிமலையிலும் பழனி அடிவாரத்திலும் மட்டுமே மயிலைப் பார்த்துப் பழகிய காலம் போய், இன்று கோவை, திருப்பூர், ஈரோடு, புதுக்கோட்டை, திருநெல்வேலி மாவட்டங்களின் சோளக்காடுகளிலும் நிலக்கடலைக் கொல்லைகளிலும் அது கூட்டமாக மேய்கிறது. மனிதர் புழங்கும் இடத்துக்கு வந்த பறவை, அங்குள்ள ஆபத்துகளுக்கும் ஆளாகிறது. சாலையில் வாகனம் மோதுகிறது, மின்கம்பியில் அடிபடுகிறது, தெருநாய் கடிக்கிறது, கம்பிவேலியில் சிக்குகிறது, சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றில் விழுகிறது, விஷம் கலந்த தானியத்தைத் தின்கிறது. அப்படி விழுந்து கிடக்கும் மயிலைக் காப்பாற்றக்கூடிய, பறவை வைத்தியம் அறிந்த மருத்துவரோ பெரும்பாலும் நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, சென்னை வேப்பேரி என்று கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ள ஊர்களில்தான் கிடைப்பார். அவரிடம் பறவை போய்ச் சேரும் வரையிலான நேரத்தை எப்படிக் கடத்துவது என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது.

மயிலைக் கண்டவர் முன் நான்கு வழிகள் உள்ளன: தொடாமல் விட்டுவிடுவது, பிடித்துப் பத்திரப்படுத்தி வனத்துறையினர் வரும்வரை காத்திருப்பது, பக்கத்து ஊர் அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோவது, வீட்டிலேயே வைத்துத் தெரிந்த வைத்தியத்தைப் பார்ப்பது. முதல் மூன்றில் எது சரி என்பது காயத்துக்குக் காயம் மாறும். நான்காவது வழி, என் கணிப்பில், எந்த நிலையிலும் மற்ற மூன்றைவிட மேலானதாக இருப்பதில்லை.

எந்த வழியை எடுத்தாலும் முதல் வேலை வனச்சரக அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவதுதான். 1963இல் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்ட மயில், 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் வைக்கப்பட்டு, மிக உயர்ந்த பாதுகாப்பைப் பெற்றிருக்கிறது. அச்சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி அது அரசின் சொத்து. எந்த வகையில் கைக்கு வந்திருந்தாலும் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவித்தாக வேண்டும். இரக்கப்பட்டு எடுத்து வைத்தவர்மீது பின்னால் சந்தேகம் விழாமல் இருக்கவும் அந்த ஒரு அழைப்பே துணை நிற்கும்.

விட்டுவிடுவதா, பிடிப்பதா என்ற கேள்விக்கு வருவோம். நொண்டுகிற மயில் எல்லாம் பிடிக்க வேண்டிய மயில் அல்ல. இரை பொறுக்குகிறது, ஆள் நெருங்கினால் ஓடுகிறது, அந்தி நேரத்தில் வழக்கமான மரத்தில் ஏறி அடைகிறது என்றால் அதை விட்டுவிடுவதே நல்லது. மரத்தில் ஏற முடிகிறதா என்பதை நான் மற்ற எல்லா அறிகுறிக்கும் மேலாக வைப்பேன். தரையில் இரவைக் கழிக்க நேர்ந்த மயிலை நாயோ நரியோ விடியும் வரை விட்டுவைக்காது. இனப்பெருக்கக் காலம் முடிந்து தோகையை உதிர்த்து நிற்கும் ஆண் மயிலை நோயாளி என்று நினைத்துத் துரத்துவதும் உண்டு; அது ஆண்டுதோறும் நடக்கும் இயல்பான இறகுதிர்ப்பு. தனியாகக் கத்தும் குஞ்சுக்கும் விலகி நின்று பார்ப்பதே முதல் உதவி. தாய் பெரும்பாலும் அருகிலுள்ள புதரில்தான் இருக்கும், ஆள் அகன்றால் திரும்பி வரும்.

ஓட முடிகிற பறவையை நான்கைந்து பேர் கூடி வெயிலில் விரட்டிப் பிடிப்பது, காயத்தைவிடப் பெரிய கேடாக முடியலாம். நீண்ட கால்களையுடைய பறவைகள் அச்சத்தில் மூச்சிரைக்க ஓடும்போது தசைகள் சிதைந்து, பிடிபட்ட சில மணி நேரத்திலோ மறுநாளோ இறந்துபோவது உண்டு. ஆகவே இறக்கை தொங்கினாலும், ரத்தம் ஒழுகினாலும், எழ முடியாமல் கிடந்தாலும், கழுத்து துவண்டாலும் மட்டுமே பிடிக்க வேண்டும். பின்பக்கமாகச் சென்று, பெரிய துண்டையோ பழைய வேட்டியையோ தலையோடு சேர்த்துப் போர்த்தி, இரு இறக்கைகளையும் உடலோடு அணைத்தபடி தூக்க வேண்டும். தலை மூடப்பட்டதும் திமிறல் வெகுவாகக் குறையும். ஆண் மயிலின் காலில் உள்ள முள் கையைக் கிழித்துவிடும் என்பதால் கால்களை இன்னொரு கையால் பிடித்துக்கொள்வது அவசியம். தோகையைப் பிடித்து இழுத்தால் இறகுகள் கொத்தாகக் கையோடு வரும், பறவை தப்பிவிடும்.

பிடித்த பிறகு எதில் வைப்பது? கிராமத்து வீடுகளில் கை உடனே போவது கோழி அடைக்கும் பஞ்சாரத்துக்குத்தான். காற்றோட்டம் உண்டு, கையருகே இருக்கிறது என்பவை அதன் நன்மைகள். ஆனால் பஞ்சாரத்துக்குள் இருக்கும் மயில் எல்லாத் திசையிலும் மனிதரையும் நாயையும் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அப்படி அடைக்கப்பட்ட ஓர் ஆண் மயிலை நான் பார்த்தேன். எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு முகத்துக்கும் அது செங்குத்தாக எம்பி மூங்கில் பின்னலில் தலையை மோதிக்கொண்டிருந்தது; கொண்டைக்குக் கீழே தோல் உரிந்து, சாலையில் பட்ட காயத்தோடு புதுக்காயமும் சேர்ந்திருந்தது. அட்டைப்பெட்டி பார்வைக்கு எளிய பொருளாக இருந்தாலும் இந்த இடத்தில் அதுவே மிக மேலானது. துணி துவைக்கும் இயந்திரமோ குளிர்பதனப் பெட்டியோ வந்த பெரிய பெட்டியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சில துளைகள் போட்டு, வழுக்காமல் இருக்கச் சாக்கு விரித்து, உள்ளே இருட்டாக இருக்கும்படி மூடி வைத்தால் போதும். ஆண் மயிலின் தோகை மடங்காமல் இருக்கப் பின்புறம் ஒரு பிளவு வைத்து அதை வெளியே விடலாம். பெட்டி கிடைக்காவிட்டால் பஞ்சாரத்தின்மேல் கனத்த சாக்கைச் சுற்றிலும் போர்த்தி, ஆளரவமற்ற அறையில் வைக்கலாம். கிணற்றில் விழுந்து நனைந்த பறவைக்கும் குளிர்கால இரவுக்கும் மட்டும், வெளியே ஒரு பக்கமாக 40 வாட் குண்டு பல்பு தேவைப்படும். சித்திரை வெயிலில் நிழலும் காற்றுமே மருந்து.

நல்லெண்ணத்தோடு பெரிய தவறுகள் நடக்கும் இடம் வீட்டு வைத்தியம். முதலாவது, அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றுவது. மயிலின் வாயைத் திறந்து பார்த்தால் நாக்கின் வேர்ப்பகுதிக்குப் பின்னால் ஒரு சிறு பிளவு மூடித் திறப்பது தெரியும். அதுதான் மூச்சுக்குழாயின் வாசல். அரை மயக்கத்தில் இருக்கும் பறவைக்கு ஊற்றும் தண்ணீர் அதன் வழியே நுரையீரலுக்குப் போகிறது. ‘தண்ணி குடுத்தோம், உடனே உயிர் போயிடுச்சு’ என்று வருத்தப்பட்டுச் சொல்பவர்கள் பலர். பல வேளைகளில் போனதற்குக் காரணம் அந்தத் தண்ணீரேதான். தலையைத் தானாக நிமிர்த்தி வைத்திருக்கும் பறவையின் முன் அகலமான கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் தேவைப்படும்போது அதுவே குடிக்கும். வளர்ந்த மயில் ஓர் இரவு இரை இல்லாமல் இருந்தால் சாகாது. வாயில் திணிப்பதைவிடப் பட்டினி பாதுகாப்பானது.

மஞ்சளும் வேப்பெண்ணெயும் அடுத்தவை. மஞ்சள் பற்று காய்ந்து காயத்தை மறைத்துவிடுவதால், மருத்துவர் அதைச் சுரண்டி எடுத்த பிறகே எலும்பு தெரிகிறதா, சீழ் பிடித்திருக்கிறதா என்று பார்க்க முடியும். எண்ணெய் இறகுகளை ஒட்ட வைத்து உடல்சூட்டைக் காக்கும் தன்மையைக் கெடுக்கிறது. பறவை இறகு கோதும்போது வயிற்றுக்குள்ளும் போகிறது. மாட்டுப் புண்ணில் புழு வைத்தால் ஊற்றும் டர்பன்டைனைப் பறவைமேல் பயன்படுத்தவே கூடாது. இவற்றுக்குப் பதில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து மேலோட்டமான காயத்தைக் கழுவிவிடுவது எந்தக் கேடும் செய்யாது. ஒரே ஒரு விலக்கு உண்டு: தோளுக்கு அருகில் இறக்கை எலும்பு உடைந்து வெளியே தெரிந்தால் அங்கே ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. அந்த எலும்பு உள்ளே வெற்றிடமாக, பறவையின் காற்றுப்பைகளோடு இணைந்திருப்பதால், ஊற்றியது மூச்சுப் பாதைக்குள் போய்ச் சேரும். சுத்தமான துணியை மேலே வைத்து மூடினால் போதும்.

வீட்டில் உடனே செய்தாக வேண்டியது ரத்தத்தை நிறுத்துவது. ஆரோக்கியமான பறவை தன் எடையில் நூறில் ஒரு பங்கு வரை, அதாவது 4 கிலோ மயில் ஏறத்தாழ 40 மி.லி. வரை ரத்தம் இழந்தாலும் தாங்கிக்கொள்ளும். அதற்குமேல் ஒவ்வொரு நிமிடமும் கணக்குதான். துணியை மடித்து விடாமல் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும், இடையில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. தொங்கும் இறக்கையை இயல்பான மடிப்பில் வைத்து, அகலமான துணிப்பட்டையால் உடலோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டலாம். பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு வரும். கட்டு இறுகினால் அதுவே மூச்சை நிறுத்திவிடும். மனிதர் விழுங்கும் வலி மாத்திரை எதையும் கொடுக்கக் கூடாது. கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்தால், அவற்றின் பிணங்களைத் தின்ற இந்தியப் பிணந்தின்னிக் கழுகுகள் ஏறத்தாழ அழிந்த வரலாறு நம் கண்முன் இருக்கிறது.

வனத்துறைக்காகக் காத்திருப்பதா, கால்நடை மருந்தகத்துக்குப் போவதா என்ற ஒப்பீட்டில் நேரமே தீர்ப்பளிக்கும். மூடிய எலும்பு முறிவும், ரத்தம் நின்ற காயமும், மோதலில் ஏற்பட்ட மயக்கமும் இருட்டுப் பெட்டிக்குள் ஓர் இரவைத் தாங்கும். வனக்காவலர் காலையில் வந்து, பொறுப்பெடுத்து, வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோவதே அந்தப் பறவைக்குப் பொருந்தும். நாய்க்கடியும் விஷமும் அப்படிக் காத்திருக்கா. நாயின் பல் பதிந்த துளை வெளியே சிறிதாக இருந்தாலும் உள்ளே தசை நசுங்கிக் கிருமி புகுந்திருக்கும். சீக்கிரம் கிருமிக்கொல்லி ஊசி போடாவிட்டால் இரண்டு மூன்று நாளில் பறவை போய்விடும். வாயில் எச்சில் ஒழுகி, கால் வெட்டி இழுத்து, வயலோரம் கிடக்கும் மயில் பூச்சிமருந்தைத் தின்றிருக்கலாம். அவ்வகை விஷத்துக்கு மாற்றான அட்ரோபின் ஆடுமாடுகளுக்காகக் கால்நடை மருந்தகங்களில் பயன்படும் மருந்துதான். மயிலைப் பார்த்துப் பழகாத மருத்துவர் என்று தயங்க வேண்டியதில்லை. நாட்டுக்கோழிக்கு ஊசி போட்டுப் பழகிய கைக்கு இந்தப் பறவை முற்றிலும் அந்நியமானது அல்ல. வனச்சரகத்துக்குச் சொல்லிவிட்டே வருகிறோம் என்று தெரிவித்தால் அவருடைய தயக்கமும் தீரும். கால்நடைகளுக்கான 1962 அவசர ஊர்தி சேவை ஆடுமாடுகளை மனத்தில் வைத்து அமைந்தது என்றாலும், அருகில் திறந்திருக்கும் மருந்தகம் எது என்று கேட்டறிய அந்த எண்ணை முயலலாம். கொண்டுபோகும்போது இருசக்கர வாகனத்தில் மடியில் வைத்துப் போவதைவிட, பெட்டியோடு காரிலோ ஆட்டோவிலோ போவது பறவைக்கு அதிர்ச்சியைக் குறைக்கும்.

காயமே இல்லாமல் கழுத்து முறுக்கியபடி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்துகொண்டு நிற்கும் மயிலுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது. அது கோழிகளைத் தாக்கும் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். அதை வீட்டுக்கு எடுத்து வந்தால் கொல்லையில் உள்ள கோழிகள் எல்லாம் போய்விடும். ஒரே இடத்தில் பல மயில்கள் செத்துக் கிடந்தால் நோயோ விஷமோ எதுவாகவும் இருக்கலாம். வெறுங்கையால் தொடாமல், நாய்களை அண்டவிடாமல், வனத்துறைக்கும் கால்நடைத் துறைக்கும் சொல்வது மட்டுமே செய்யத்தக்கது.

பிழைத்த பறவையை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சட்டம் அதற்கு இடம் தரவில்லை. பறவையின் நலனும் இடம் தரவில்லை. கையில் தீனி தின்று வளர்ந்த குஞ்சு மனிதரைத் தன் இனமாக எண்ணிப் பழகிவிடும். நாயைக் கண்டு ஓடாது, தன் கூட்டத்தோடும் சேராது. அப்படி வளர்ந்த ஆண், இனப்பெருக்கக் காலத்தில் குழந்தைகள்மீது முள்ளால் பாயும். ஆகவே காயம் ஆறும் நாட்களிலும் பறவை வனத்துறையின் பொறுப்பிலேயே இருக்கட்டும். ஒப்படைக்கும்போது அது கிடைத்த வயலையோ சாலைத் திருப்பத்தையோ இடம் மாறாமல் எழுதிக் கொடுத்துவிட்டால், குணமான பின் அதே கூட்டத்தின் அருகில் விட அவர்களுக்கு உதவும்.