ஹோஸ்டா எங்கே வாங்குவது: பெரிய கடையா, நர்சரியா, தபாலிலா, பக்கத்து வீட்டிலா?

மே மாதம் பிறந்ததும் அமெரிக்காவின் மிச்சிகனில் எந்தக் கடைக்குப் போனாலும் வாசலிலேயே ஹோஸ்டா நிற்கும், இலை அழகுக்காக நிழலில் வளர்க்கும் செடி. மளிகைக் கடை, ஆணியும் பெயின்ட்டும் விற்கும் பெரிய கடை, சாலையோர நர்சரி, சர்ச்சில் நடக்கும் செடி விற்பனை என்று எங்கு பார்த்தாலும் அதுதான். மேப்பிள் மரத்தடியிலும் வீட்டின் வடக்குப் பக்கத்திலும் வேறு எதை வைத்தாலும் இழுத்துக்கொண்டே கிடக்கும் என்பதால் வாங்க ஆளும் இருக்கிறது. ஆனால் 'பேட்ரியட்' என்ற ஒரே ரகம் ஓர் இடத்தில் 8 டாலர், இன்னோர் இடத்தில் 20 டாலர் என்றால், அந்த 12 டாலர் எதற்காக என்று கேட்கத்தானே தோன்றும்? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல நேரம் கூடுதல் காசுக்கு மதிப்பு உண்டு, சில நேரம் இல்லை, பெட்டியில் அடைத்து விற்பதை மட்டும் நான் தொடவே மாட்டேன்.

ஹோஸ்டா லேசில் சாகாது. மைனஸ் 30 டிகிரி குளிரிலும் மண்ணுக்குள் உறங்கிவிட்டு ஏப்ரலில் முளைவிடும். நத்தை ஓட்டை போடும், மான் வந்து காம்பு வரை மேய்ந்துவிட்டுப் போகும், மறு வருடம் அது பாட்டுக்கு வந்து நிற்கும். அதனால் வாங்கும்போது செடி பிழைக்குமா என்று கவலைப்படத் தேவையில்லை, கூடவே என்ன நோயைக் கொண்டு வருகிறது என்றுதான் பார்க்க வேண்டும். இதில் பெரிய தலைவலி ஹோஸ்டா வைரஸ் எக்ஸ், சுருக்கமாக எச்விஎக்ஸ். 1996ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பென்ஹாம் லாக்ஹார்ட் இதை அடையாளம் கண்டார். இதைப் பூச்சி பரப்புவதில்லை. செடியின் சாறு கத்தரியிலோ மண்வெட்டியிலோ கையிலோ ஒட்டிக்கொண்டு அடுத்த செடியின் காயத்தில் படுவதால்தான் பரவுகிறது. இலை நரம்பை ஒட்டி நிறம் மை கசிந்த மாதிரி இறங்கும், இலை சில இடத்தில் தடித்துச் சுருங்கும். மருந்து கிடையாது, வேரோடு தோண்டிக் குப்பையில் போட வேண்டியதுதான். வயிற்றெரிச்சல் என்னவென்றால், தொற்றிய செடி பல மாதங்கள், சமயத்தில் வருடக்கணக்கில்கூட, பார்க்க நன்றாகவே இருக்கும். வைரஸ் என்று தெரியாத காலத்தில் இந்தக் கறையைப் புது அழகு என்று நம்பி 'பிரேக்டான்ஸ்', 'லெப்பர்ட் ஃபிராக்' என்றெல்லாம் பெயர் வைத்துத் தனி ரகமாகவே விற்றிருக்கிறார்கள்.

இரண்டாவது ஆள் இலை நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத இந்தப் புழு இலைக்குள் புகுந்து நரம்புக்கும் நரம்புக்கும் நடுவே பழுப்புக் கோடு கோடாகக் காயவைக்கும், ஆனால் அந்தக் கோடு ஜூலை, ஆகஸ்டில்தான் தெரியும். மே மாதம் அதே செடியைப் பார்த்தால் பச்சைப் பசேலென்று இருக்கும். ஆக, நாம் வழக்கமாக வாங்கும் பருவத்தில் செடியைப் பார்த்து முடிவெடுப்பது பாதி வேலைதான், மீதிக்கு விற்பவரை நம்பியாக வேண்டும். கீழே சொல்லப்போகும் எல்லாவற்றையும் நான் எடைபோடுவது இதை வைத்துத்தான்.

முதலில் பெட்டிகள். பிப்ரவரி, மார்ச்சிலேயே கடைக்குள் வந்துவிடும், அழகான படம் போட்ட பெட்டி, உள்ளே மரத்தூளில் வெறும் வேர்க்கட்டை. ஒன்றின் விலையை மட்டும் பார்த்தால் இதைவிட மலிவாக எங்கும் கிடைக்காது. ஆனால் இலை இல்லாததால் எதையும் சோதிக்க முடியாது, கடையின் சூட்டில் உள்ளேயே வெளிறிப்போய் முளைத்திருக்கும், படத்தில் இருப்பது ஒன்று, வருவது இன்னொன்று என்பதும் சகஜம். 2000களின் தொடக்கத்தில் நெதர்லாந்து வயல்களில் மொத்தமாக வளர்த்து வெட்டிப் பிரித்து அனுப்பிய ஹோஸ்டாக்கள் வழியாகத்தான் இந்த வைரஸ் பெருமளவு பரவியது. பிறகு அங்கே சோதனைகள் இறுகி நிலைமை மேம்பட்டிருக்கிறது, மறுக்கவில்லை. இருந்தாலும் ஆயிரக்கணக்கான செடிகளை ஒரே கத்தியில் வெட்டுகிற முறையில், கண்ணால் பார்க்கவும் முடியாத பொருளுக்கு, சில டாலர் மிச்சம் என்பது எனக்குப் போதுமான காரணமாகப் படவில்லை.

பெரிய கடைகளில் தொட்டியில் வருவது வேறு கதை. இவற்றில் பல, திசு வளர்ப்பு ஆய்வகத்தில் தொடங்கி நல்ல மொத்த உற்பத்தியாளர்களிடம் வளர்ந்தவை, லாரியில் இருந்து இறங்கும்போது நன்றாகவே இருக்கும். கெடுவது இறங்கிய பிறகு. தார் போட்ட தரையில் வெயிலில் அடுக்கிவைத்து, மேலிருந்து குழாயில் அடித்து ஊற்றுவார்கள், நூற்புழு செடி விட்டுச் செடி போக அந்த ஈரம் போதும். காய்ந்த இலையை ஒரே கையால் வரிசையாகக் கிள்ளிக்கொண்டு போவார்கள், அது வைரஸுக்கு வசதி. ஒரு கடையில் மேசை நிறைய 'கோல்டு ஸ்டாண்டர்ட்' நின்றது, முக்கால்வாசியில் நரம்போரம் பச்சை கசிந்திருந்தது. ஊழியரிடம் காட்டினால், தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார்! பாவம், அவர் காலையில் ஓடு விற்கும் பகுதியில் நின்றிருப்பார். இங்கே வாங்குவதானால் செடிகள் இறங்கிய முதல் வாரத்திலேயே வாங்குங்கள், மேசையில் ஒரு செடி சந்தேகமாக இருந்தாலும் அந்த மேசையில் எதையும் எடுக்காதீர்கள். ஒரு வருட உத்தரவாதம் என்பார்கள், அது செத்த செடிக்கு. வைரஸ் வந்த ஹோஸ்டா சாவதில்லை, நின்று பக்கத்துச் செடிக்கும் கொடுக்கும், ரசீதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

உள்ளூர் நர்சரி இதைவிட ஒரு படி மேல். நிழல் வலைக்குக் கீழே வைத்திருப்பார்கள், தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்க்கிறேன் என்றால் முகம் சுளிக்க மாட்டார்கள் (சுளித்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்). வேர் தடிப்பாக வெள்ளையாக இருக்க வேண்டும், இலைக்காம்பு மண்ணைத் தொடும் இடம் கொழகொழவென்று இருக்கக் கூடாது, அங்கே கடுகு அளவில் பழுப்பு உருண்டைகள் தெரிந்தால் அது காம்பழுகல் பூஞ்சை, மண்ணோடு உங்கள் தோட்டத்துக்கு வந்துவிடும். நத்தை ஓட்டையையும் வெயில் கருகலையும் பொருட்படுத்த வேண்டாம். அப்புறம் ஒரு கேள்வி கேளுங்கள்: இது ஆய்வகக் கன்றா, நீங்களே பிரித்ததா? இங்கே மிச்சிகனிலேயே ஜீலாந்தில் இருக்கும் வால்டர்ஸ் கார்டன்ஸ் போன்ற பெரிய உற்பத்தியாளரிடம் இருந்து வருகிறது என்று சட்டெனப் பதில் வந்தால் நல்ல அறிகுறி. மாநில வேளாண்துறை நர்சரிகளை ஆய்வு செய்கிறது, ஆனால் அது பெரும்பாலும் கண்ணால் பார்ப்பது, ஒளிந்திருக்கும் வைரஸ் அதில் சிக்காது. குறை என்றால் ரகம் குறைவு: 'ஜூன்', 'ஹால்சியன்', 'குவாக்கமோலே', 'புளூ ஏஞ்சல்' என்று விற்பனைக்கு உறுதியானவை மட்டும் இருக்கும். முதல் தோட்டத்துக்கு அவை தாராளமாகப் போதும் என்பேன்.

இன்னொன்று, நர்சரிக்கு மே மாதம்தான் போக வேண்டும் என்று யார் சொன்னது? ஆகஸ்ட் கடைசியில் போனால் தள்ளுபடி விலை, நூற்புழு இருந்தால் கோடும் வெளியே வந்திருக்கும், மண் உறைவதற்குள் வேர் பிடிக்க நேரமும் இருக்கும். செடி கொஞ்சம் நைந்து தெரியும், தெரியட்டும்.

ரகப் பைத்தியம் பிடித்தவர்களுக்குத் தபால் நர்சரிகள்தான் வழி. நியூ ஹாம்ப்ஷயர் ஹோஸ்டாஸ், மிச்சிகனின் ஹால்சன் கார்டன்ஸ், வட கரோலினா ராலியில் டோனி அவென்ட் 1988ல் தொடங்கிய பிளான்ட் டிலைட்ஸ் என்று பல இருக்கின்றன. ஹோஸ்டாவே பிழைப்பு என்று இருப்பவர் ஒரு வைரஸ் செடியை அனுப்பினால் பெயர் போய்விடும், ஹோஸ்டா உலகம் சின்னது, செய்தி வேகமாகப் பரவும். அந்தப் பயம்தான் நமக்குப் பாதுகாப்பு. விலை பெரும்பாலும் 15 முதல் 30 டாலர், அதற்கு மேல் அனுப்பும் செலவு தனி, அதனால் நண்பர்கள் சேர்ந்து ஒரே பெட்டியாக வரவழைப்பது நல்லது. எதிர்பார்ப்பை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். 'எம்ப்ரஸ் வூ' நான்கு அடி உயரம் வரும் என்பது உண்மைதான், ஆனால் வருவது உள்ளங்கை அகலக் கன்று, அந்த உயரத்துக்கு ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும். எத்தனை கண் (வேர்க்கட்டையில் இருந்து வரும் முளை) உள்ள செடி என்று விவரத்தில் பாருங்கள். நடுவில் வெள்ளை உள்ள 'ஃபயர் அண்ட் ஐஸ்' மாதிரி ரகங்களுக்குப் பச்சையம் குறைவு, மெதுவாகத்தான் தேறும், அவற்றில் ஒற்றைக் கண் கன்று வாங்காதீர்கள்.

சங்க விற்பனையைப் பலர் கவனிப்பதே இல்லை. அமெரிக்கன் ஹோஸ்டா சொசைட்டி 1968ல் தொடங்கியது, அதையொட்டிப் பல ஊர்களில் உள்ளூர்ச் சங்கங்கள் இருக்கின்றன. உறுப்பினர்கள் பெயர்ப்பலகையோடு தங்கள் தோட்டத்துச் செடியைப் பிரித்துக் கொண்டு வருவார்கள், பெரிய துண்டு, சிறிய விலை, வைரஸ் என்றால் என்ன என்று தெரிந்த கூட்டம். சர்ச், பள்ளி விற்பனையில் அந்தக் கடைசி விஷயம் இருக்காது. துள்ளும் மண்புழு என்று ஆசியாவில் இருந்து வந்த ஓர் இனம் இந்தப் பக்கம் பரவிவருவதால், இப்போது பல விற்பனைகளில் மண்ணைக் கழுவி வெறும் வேரோடுதான் தருகிறார்கள். அப்படித் தராவிட்டால் வீட்டுக்கு வந்து நீங்களே கழுவுங்கள். வாங்கும் முன் மிச்சிகனின் டிப்டனில் உள்ள ஹிடன் லேக் கார்டன்ஸ் தோட்டத்தின் ஹோஸ்டா சரிவில் ஒரு நடை போய்வந்தால் எந்த ரகம் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று நேரிலேயே தெரிந்துவிடும்.

பக்கத்து வீட்டு ஹோஸ்டா இலவசம் என்பதால் இளக்காரம் வேண்டாம். இருபது வருடமாக ஒரே இடத்தில், யாரும் வெட்டாமல், ஜூலையிலும் சுத்தமான இலையோடு நிற்கும் புதர் ஆய்வகக் கன்றுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. உங்கள் மண்வெட்டியைப் பிளீச் தண்ணீரில் கழுவி எடுத்துப் போங்கள். முன்பின் தெரியாதவர் ஃபேஸ்புக்கில் விற்பது இதே கணக்கில் வராது, தாய்ப்புதரைக் காட்டச் சொல்லுங்கள், தயங்கினால் வேண்டாம்.

இணையச் சந்தைகளில் பளீர் நீலமும் ரோஜா நிறமுமாக ஹோஸ்டா விதை விற்கிறார்களே, அதற்கு ஒரு வரி போதும்: அந்த நிறங்கள் கணினியில் போட்டவை. விதையில் முளைப்பது தாயைப் போல வருவதும் அரிது, 'வென்ட்ரிகோசா' என்ற இனம் மட்டும் விதிவிலக்கு. சென்னையில் வளருமா என்று கேட்கும் உறவினர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், வளராது. பல வாரம் நல்ல குளிரில் உறங்கினால்தான் அடுத்த வருடம் தெம்பாக முளைக்கும், சமவெளியில் அந்தக் குளிருக்கு எங்கே போவது?

எங்கே வாங்கினாலும் சந்தேகம் இருந்தால் அஜ்டியா நிறுவனத்தின் சோதனைப் பட்டை கிடைக்கிறது. ஒரு துண்டு இலையை அதனுடன் வரும் திரவப் பையில் நசுக்கிப் பட்டையை நனைத்தால், கோவிட் பரிசோதனை போலவே ஒரு கோடா இரண்டு கோடா என்று பார்க்கலாம். இரண்டு என்றால் வைரஸ். புதிதாகத் தொற்றியதை இது தவறவிடக்கூடும் என்பதால், பெரிய கடையிலும் பொது விற்பனையிலும் வாங்கியதை ஒரு கோடை முழுக்கத் தனித் தொட்டியில், மற்ற ஹோஸ்டாக்களிடம் இருந்து தள்ளி வைத்து, அதற்கென்று ஒரு கத்தரியை ஒதுக்கிவிட்டு, அடுத்த மே மாதம் மண்ணில் இறக்குங்கள்.