கீசர் லைனை ஆர்சிசிபிக்கு வெளியே போட்டுவிட்டுப் போன எலெக்ட்ரீஷியன்

ஐப்பசியில் திருச்சி வீட்டின் குளியலறையை இடித்துப் புதிதாக டைல்ஸ் பதித்தோம். மேஸ்திரி அழைத்து வந்த எலெக்ட்ரீஷியனே வயரிங்கும் செய்தார். 3,000 வாட்ஸ் கீசருக்குத் தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, எர்த் (கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்பும் கம்பி) எல்லாம் சேர்த்து என்று சொல்லி 14,000 ரூபாய் வாங்கினார். பில் கேட்டதற்கு நாளைக்குத் தருகிறேன் என்றார். அந்த நாளை இன்னும் வரவில்லை.

மூன்றாம் நாளே, மின்சாரம் கசிந்தால் வீட்டு லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி (RCCB) கருவி தானாக விழத் தொடங்கியது. ஒரு நாளைக்கு நான்கு முறை வீடு இருட்டாகும். அவரையே மறுபடி அழைத்தோம். அரை மணி நேரம் போர்டைத் திறந்து வைத்து ஏதோ செய்தார். "இனிமேல் விழாது சார்" என்று 600 ரூபாய் வாங்கிக்கொண்டார். சொன்னபடியே விழவில்லை. காப்பி கொடுத்து, நன்றி சொல்லி அனுப்பி வைத்தோம். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

மார்கழியில் ஒரு காலை, குழாயைத் திருகும்போது கை சுருக்கென்கிறது என்றார் அம்மா. எங்கள் பக்கத்தில் இதை "எர்த் அடிக்கிறது" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவோம். அந்த எலெக்ட்ரீஷியனிடம் போனில் கேட்டேன். "ஈரத்துக்குக் கொஞ்சம் ரிட்டன் வரும் சார். அம்மாவை ரப்பர் செருப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லுங்கள்" என்றார். 72 வயதுக்காரர், சோப்புத் தண்ணீரில், செருப்போடு!

அன்றே லைசென்ஸ் உள்ள வேறொரு வயர்மேனை வரவழைத்தேன். அவர் குளியலறைக்குள் போகவே இல்லை. கீசரைப் போடச் சொல்லிவிட்டு, ஆர்சிசிபியில் உள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்தினார். விளக்கு, மின்விசிறி, பிரிட்ஜ் எல்லாம் நின்றுவிட்டன. கீசரின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

முதல் எலெக்ட்ரீஷியன் விழாமல் 'சரிசெய்த' லட்சணம் இதுதான். கீசர் லைனின் பேஸ் (மின்சாரம் வரும் கம்பி), நியூட்ரல் (திரும்பும் கம்பி) இரண்டையும் ஆர்சிசிபிக்கு முன்னாலேயே எடுத்து மாட்டியிருக்கிறார். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் அந்தக் கருவியின் வேலை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே நொடிக்குள் துண்டித்துவிடும். எங்கேயோ கசிகிறது என்று அது மூன்று நாட்களாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் அதன் வாயை அடைத்துவிட்டார். அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் துண்டிக்கும் எம்சிபி (MCB) இருக்கிறதே என்று யாரும் தைரியமாக இருக்காதீர்கள். 16 ஆம்பியர் எம்சிபி கம்பியைத்தான் காக்கும். ஆளைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்கே போதும்.

பிறகு வயர்மேன் சாக்கெட்டைக் கழற்றினார். கீசரிலிருந்து வரும் பச்சை எர்த் கம்பி சுவருக்குள் போகிறது. மறுமுனை போர்டுக்குப் பின்னால் எதிலும் சேராமல் சுருட்டிச் செருகப்பட்டிருந்தது. வழியில் ஜங்ஷன் பெட்டிக்குள் டேப் சுற்றிய ஓர் ஒட்டு. டைல்ஸ் இடுக்கில் இறங்கிய தண்ணீர் அதில் ஊறி, டேப் கொழகொழவென்று கையோடு வந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. அங்கே பேஸிலிருந்து கசிந்த மின்சாரம் அந்தப் பச்சைக் கம்பி வழியாகவே கீசரின் உடம்புக்கும் குழாய்க்கும் போயிருக்கிறது. கீசர் லைன் கம்பியின் மேலுறையில் அச்சிட்டிருந்த அளவு 1 சதுர மில்லிமீட்டர். 13 ஆம்பியர் இழுக்கும் கீசருக்கு! உறை பழுப்பேறி அப்பளம் போல நொறுங்கியது.

நீங்களும் கீசரைப் போட்டுவிட்டு டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். குளியலறையில் நனைந்த கையோடு நிற்காமல், வெளியிலிருந்து பாருங்கள். சிவப்பு விளக்கு அணையாவிட்டால் அந்த லைனுக்குப் பாதுகாப்பே இல்லை. சரிசெய்யும் வரை கீசரைத் தொடாதீர்கள். கம்பியைச் சுவருக்குள் இழுக்கும் முன் அதன்மேல் உள்ள எழுத்தை நின்று படியுங்கள். சுருக்கென்றால் அன்றே ஆள் வரவழையுங்கள்.

அந்த எலெக்ட்ரீஷியன் இப்போது போனை எடுப்பதில்லை. எங்கள் தெருவிலேயே இன்னும் மூன்று வீடுகளில் வேலை செய்திருக்கிறார். இரண்டு வீடுகளில் போய்ப் பார்த்தோம். ஒன்றில் எல்லாம் சரி. இன்னொன்றில் பொத்தானை அழுத்திய பின்னும் கீசரின் விளக்கு எரிந்தது. அந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. மூன்றாவது வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை. திரும்பி வந்ததும் மெயினை நிறுத்திவிட்டு எனக்குச் சொல்லுங்கள் என்று போனில் சொல்லியிருக்கிறேன்.