மலையா, தோப்பா?

போரில் இறந்தவர்களை இயற்கையின் மடியில் நினைவுகூரும் இடங்கள் இங்கிலாந்தில் பல உண்டு. அவற்றில் இரண்டு ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை.

ஒன்று, ஏரி மாவட்டத்தில் உள்ள 899 மீட்டர் உயரமுள்ள கிரேட் கேபிள் மலை. முதல் உலகப்போரில் 20 உறுப்பினர்களை இழந்த ஃபெல் அண்ட் ராக் மலையேற்றச் சங்கம், அவர்கள் ஆசையாக ஏறித் திரிந்த மலைகளையே விலைக்கு வாங்கியது. 1923இல் அவற்றை, இயற்கை இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்குக் கொடுத்துவிட்டது. யார் வேண்டுமானாலும் ஏறலாம், அதுதான் நினைவுச்சின்னம். உச்சிப் பாறையில் பெயர்களோடு ஒரு வெண்கலத் தகடு, அவ்வளவுதான். நவம்பர் மாத நினைவு ஞாயிறன்று குளிரிலும் மழையிலும் மக்கள் மேலே ஏறிப்போய் மௌனமாக நிற்கிறார்கள். செத்தவனுக்குப் பிடித்ததையே அவன் பேரில் எல்லோருக்கும் கொடுப்பதைவிடப் பெரிய அஞ்சலி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் முழங்கால் வலியுள்ள தாய் அங்கே எப்படிப் போவாள்?

மற்றது, ஸ்டாஃபர்ட்ஷயரில் உள்ள தேசிய நினைவுத் தோப்பு. சரளைக்கல் தோண்டி எடுத்த சுமார் 150 ஏக்கர் நிலத்தில் மரம் நட்டு வளர்த்து 2001இல் திறந்தார்கள். சமதரை, சக்கர நாற்காலியிலும் போகலாம். மலையின் தனிமை இங்கே இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சின்னம் நிற்கிறது. கொஞ்சம் நெரிசல்தான்.

அப்புறம் தோப்பின் கிழக்கு ஓரத்துக்கு வந்தால் என் குறை அடங்கிவிடுகிறது. முதல் உலகப்போரில் கோழைத்தனம், படையை விட்டு ஓடியது போன்ற குற்றங்களுக்காகச் சொந்த ராணுவமே விடியற்காலையில் சுட்டுக்கொன்றவர்களுக்கான இடம் அது. ஆளுக்கொரு மரக்கம்பம், அதில் பெயர், 300க்கும் மேல். நடுவில் கண் கட்டப்பட்ட இளைஞனின் சிலை. வயதைக் கூட்டிச் சொல்லிப் படையில் சேர்ந்து, 17 வயதில் சுடப்பட்ட ஹெர்பர்ட் பர்டனை மனதில் வைத்துச் செய்தது. விடியலின் முதல் வெளிச்சம் படும் இடமாகப் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். அரசு மன்னித்தது 2006இல்தான். தோப்பு 2001இலேயே அவர்களைச் சேர்த்துக்கொண்டது.

மலைச் சங்கம் தன் நண்பர்களுக்காக அழுதது, அதில் தவறே இல்லை. அழ யாரும் துணியாதவர்களுக்கும் இடம் தந்தது தோப்பு. மனம் கேட்பது மலையைத்தான் என்றாலும், ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் தோப்பைத்தான் சொல்வேன்.