வீட்டுக்கே வந்து பம்பர் மாற்றுகிறோம் என்பவர்களிடம் கவனம்

சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். "வீட்டுக்கே வந்து பம்பர் மாற்றித் தருகிறோம், ஒரிஜினல், பெயிண்ட் அடித்தது, 650 வெள்ளி" என்று தோட்டத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. அதை நம்பிக் காசையும் கொடுத்து, பழைய பம்பரையும் தூக்கிக் கொடுத்துவிட்டு நிற்கிறேன்.

போன மாதம் செம்பனைக் காட்டு மண்பாதையில், குலை ஏற்றி வந்த லாரிக்கு ஒதுங்கியபோது லாலான் புல்லுக்குள் மறைந்திருந்த கட்டையில் முட்டி, எங்கள் எஸ்யூவியின் முன் பம்பர் இடது பக்கம் கிழிந்துவிட்டது. அம்மாவை வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும், ஈப்போ பட்டறையில் காடியை விட்டுவிட்டு வர முடியாது. அதனால்தான் இவர்களைக் கூப்பிட்டேன். முன்பணம் 300 வெள்ளியை வங்கியில் போடச் சொன்னார்கள், போட்டேன்.

இரண்டு பையன்கள் வேனில் வந்தார்கள். மழை விட்டு இருட்டும் நேரம். மேலே உள்ள கிளிப்புகளுக்கு நடுவில் இருக்கும் ஊசியை முதலில் தூக்கிவிட்டுத்தான் கழற்ற வேண்டும், இவர்கள் தட்டை ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பினார்கள், ஒவ்வொன்றாக உடைகிற சத்தம் எனக்கே கேட்டது. கேட்டதற்கு, "அண்ணே, புதுசு இருக்கு" என்றார்கள். அப்புறம் மீதி 350ஐயும் வாங்கிக்கொண்டு, பழையதைக் குப்பையில் போட்டுவிடுகிறோம் என்று வேனில் ஏற்றிப் போய்விட்டார்கள்.

காலையில் பார்த்தால் ஹெட்லைட்டுக்கும் பம்பருக்கும் நடுவே சுண்டுவிரல் போகிறது. டயர் பக்கம் கேபிள் டையால் கட்டியிருக்கிறார்கள். இடது ஃபாக் லேம்ப் எரியவில்லை, ஒயரைச் செருகவே இல்லை. அதெல்லாம்கூடப் போகட்டும். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது: இடியைத் தாங்குவதற்காக இரும்புச் சட்டத்துக்கு முன்னால் இருக்கும் நுரைக் கட்டையையே காணோம். அம்மா அந்தக் காடியில்தான் முன்சீட்டில் உட்கார்ந்து போகிறார்.

இரண்டாவது வாரம் காடி கழுவும்போது தண்ணீர் அடித்த இடத்தில் உள்ளங்கை அளவுக்குப் பெயிண்ட் உரிந்து தொங்கியது. பட்டணத்தில் பெயிண்ட் அடிக்கும் அண்ணனிடம் காட்டினேன். பிளாஸ்டிக்குக்கென்று இருக்கும் பிரைமரை அடிக்காமல் நேராகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், அது பிடிக்கவே பிடிக்காது என்றார். அதைக் கழற்றி உட்புறத்தையும் காட்டினார். ஒரிஜினல் பம்பரில் பிபி, ஈபிடிஎம் என்று பிளாஸ்டிக் வகை உள்ளே அச்சாகியிருக்குமாம், இதில் ஒன்றுமே இல்லை. "பழசைக் கொண்டு வந்திருந்தா சூடு வெச்சு ஒட்டிக் குடுத்திருப்பேனேப்பா" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் இன்னும் மனசைவிட்டுப் போகவில்லை.

ஆகவே யாரைக் கூப்பிட்டாலும் பகல் வெளிச்சத்தில் கூப்பிடுங்கள், பம்பரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், புதியது சரியாக உட்காரும்வரை பழையது உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கட்டும். காசு போடுவதற்கு முன் அவர்கள் தரும் வங்கிக் கணக்கு எண்ணை, மோசடிப் புகார் உள்ள கணக்கா என்று காட்டும் போலீஸின் செமாக் மியூல் இணையத்தளத்தில் தட்டிப் பாருங்கள், ஒரு நிமிட வேலை, நான் செய்யவில்லை.

இப்போது அவர்கள் என் எண்ணைத் தடை செய்துவிட்டார்கள். போலீஸில் புகார் கொடுத்துவிட்டேன். பயனீட்டாளர் தீர்ப்பாயத்திலும் வழி இருக்கிறது, கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. ஆனால் ரசீது கேட்டு வாங்காததால் எதிர்த்தரப்பின் முகவரி என்னிடம் இல்லை. உங்களில் யாருக்காவது இவர்கள் ரசீது கொடுத்திருந்தால் தயவுசெய்து எனக்கு அனுப்புங்கள், தீர்ப்பாயத்தின் விண்ணப்பப் பாரத்தில் அந்த முகவரிக் கட்டம்தான் காலியாக இருக்கிறது.